ஆயிரம் தடவை போட்டுப் பார்த்த கேபிள்

இருங்க... எழுந்திரிக்காதீங்க. குட்டியா ஒரு கதை இருக்கு, கேட்டுட்டுப் போங்க.

நாகர்கோவில் பக்கத்துப் பொண்ணு, பேரு செலின். இன்ஜினியர். ஒரு ஆராய்ச்சிக் கூடத்துல வேலை. என்ன வேலை? சூரியனுக்குள்ள ஒரு நெருப்பு எரியுது பாருங்க... அதே மாதிரி நெருப்பை இங்க மூட்டி, கரண்ட் எடுக்கணும். அந்தச் சூட்டை எந்தப் பாத்திரம் தாங்கும்? எதுவும் தாங்காது! காந்தத்தை வெச்சு அந்தரத்துல நிறுத்தணும். அந்தக் காந்தம் செய்யச் சுருளாச் சுத்துற கேபிளைச் சோதிக்கிறதுதான் செலின் வேலை. அது மீகடத்திக் கேபிள். பயங்கரக் குளிர்ல வெச்சா கரண்ட் துளிகூட வீணாகாம ஓடும். கொஞ்சம் சூடு ஏறிச்சோ... அந்தக் குணமே போயிரும்.

மூணு வருஷ உழைப்பு. முதல் டெஸ்ட். கரண்ட் ஏத்துனாங்க... தாங்கிருச்சு! ஒரே கைதட்டல். தலைவர் வரதராஜுலு சாருக்குக் கண்ணே கலங்கிருச்சு. "நாளைக்கே காந்தம் செய்ய அனுப்பிருவோம்"னாரு.

செலின் மட்டும் நகரல. "சார், ஆயிரம் தடவை ஏத்தி இறக்கிப் பார்த்துருவோம் சார்."

"பாஸ் ஆயிடுச்சேம்மா! இன்னும் எதுக்கு?"

"காந்தத்துல சுத்தி மூடிட்டா அப்புறம் வெளியே எடுக்க முடியாது சார்."

சார் குரல் இறங்கிப் போச்சு. "ஏதாவது ஆச்சுன்னா... மூணு வருஷம்மா."

"ஆகுறது இப்பவே ஆகட்டும் சார்."

ஆரம்பிச்சாங்க. நூறு தடவை... ஒண்ணும் ஆகல. முன்னூறு... கேபிள் தாங்குற சூட்டோட அளவு லேசா இறங்குது. அறுநூறு... இன்னும் இறங்குது! ஆயிரத்துல, கேபிள் தேறல. எல்லாரும் செலினையே பார்க்குறாங்க. தான் சொன்னது சரியாப் போச்சுன்னு அவ சந்தோஷப்பட்டாளா? பாத்ரூம்ல போய் அழுதா.

மறுநாள் கேபிளை அறுத்துப் பார்த்தாங்க. உள்ள தலைமுடி மாதிரி நூத்துக்கணக்கான கம்பி... பலதுல விரிசல்! கம்பிகளை முறுக்கிக் கேபிளாக்குற மெஷினை ஓட்டுற இருளப்பன் அண்ணன் குனிஞ்சு பார்த்தாரு. "மேடம், உள்ள கம்பி ஆடுறதுக்கு இடம் இருக்கு. கரண்ட் ஏறுறப்பல்லாம் வளைஞ்சு வளைஞ்சு நிமிருது. முறுக்கை நெருக்கிப் போட்டா?"

போட்டாங்க. எட்டு மாசம் ஆச்சு. மறுபடி டெஸ்ட். முன்னூறு... அறுநூறு... ஆயிரம். அளவு அசையல! யாரும் கை தட்டல, மூச்சு விடவே பயம். வரதராஜுலு சார்தான் முதல்ல வாயைத் திறந்தாரு. என்ன சொன்னாரு தெரியுமா?

"இன்னொரு ஆயிரம் போடும்மா."

அம்மா... ஐயா... கம்பி ஆடுற இடத்தை டெஸ்ட்டா உண்டாக்குச்சு? அது முதல்லயே உள்ளதான் இருந்துச்சு! டெஸ்ட் அதைக் காட்டிக் குடுத்துச்சு... சரி பண்ண நேரம் இருக்கும்போதே காட்டிக் குடுத்துச்சு.

பக்கத்து ரூம்ல டாக்டரம்மா காலையிலேர்ந்து உக்காந்திருக்காங்க. சர்க்கரை, பிரஷர், மார்புல கட்டி... எல்லாம் பார்க்குறாங்க. இங்க இருநூறு பேர் இருக்கோம். உள்ள போனது பதினோரு பேர்! பார்த்தாத்தான் வியாதி வரும்னு யாருங்க சொன்னது? பார்த்தா, வைத்தியம் வரும். நாள் கிடைக்கும். பேரப்புள்ளையைத் தூக்குற நாள் கிடைக்கும்!

உண்மையைச் சொல்றேன்... நானே நாலு வருஷமா பார்க்கல. பயம்தான்.

இந்தா, மைக்கை வெச்சுட்டேன். நான் போறேன். எனக்குப் பின்னால யாரு வர்றீங்க?