புக்கிட் ரம்பாய்க்குப் போன தாம்பாளம்

— ஏங்க, மெஷினுக்குச் சந்தனம் பூசுங்கன்னா சுவத்துக்குப் பூசிக்கிட்டு நிக்கிறீங்க. மொதல்ல அந்தக் கொடியக் கீழ வைங்க.

— வைக்க மாட்டேன் நாகம்மை. நீ இங்க வா. இந்த நட்சத்திரத்தப் பாரு. பதினோரு முனை. ஒரு முனையாச்சும் மழுங்கியிருக்கா? துணி எங்கியாச்சும் சுருங்கியிருக்கா? சொல்லு பாப்போம்!

— மெர்டேக்கா சுதந்தரக் கொண்டாட்டம் முடிஞ்சு மாசம் ஒண்ணு ஓடிப் போச்சு. கடைக்கு வர்றவங்க, போறவங்க, பால்காரன் வரைக்கும் காட்டியாச்சு. இன்னும் ஆசை தீரலயா?

— தீராது. மலாக்கா பூராவும் காட்டுவேன். ஊர்வலத்துக்குக் கொடி கேட்டாங்களே, அப்ப நம்ம கடையில என்ன நடந்துச்சு? கருணாகரன் காய்ச்சல்னு படுத்துட்டான். பொன்னுதுரை ஒரு நட்சத்திரத்த வெட்டித் தச்சுக் குடுத்தான், பாத்தா நண்டு மாதிரி இருக்கு. நாடே சுதந்தரம் வாங்குது, ஏகாம்பரம் கடைக் கொடியில மட்டும் நண்டு பறக்குதுன்னு ஊரே சிரிச்சிருக்கும் லா. அப்ப யாரு நம்ம மானத்தக் காப்பாத்துனது?

— சந்திரமதி.

— சந்திரமதி! புக்கிட் ரம்பாய்ல தன் வீட்டுல ஒத்த மெஷின வச்சுக்கிட்டு, உக்காந்த எடத்துலயே அத்தனையும் தச்சு, நம்ம கடைத் துணிய ஏத்தி எறக்குற அப்பாசாமி கிட்டக் குடுத்தனுப்பிருச்சு. மேல நின்னு அதட்ட ஆளில்ல. இத இப்படி மடி, அத அப்படி வெட்டுன்னு சொல்லிக் குடுக்க ஆளில்ல. பிசிறு கூட நறுக்கி, மடிச்சு, வாழநார்ல கட்டி அனுப்பியிருந்துச்சு. வாங்க வந்த ஆபீஸர் ஒரு கொடியப் பிரிச்சுப் பாத்துட்டு மத்ததப் பிரிக்கவே இல்ல. நான் சொல்றேன் கேளு, அந்தப் பொண்ணு கையில என்னமோ இருக்கு.

— இருக்கு. எனக்குத் தெரியாதா?

— ரோட்டுல பள்ளிக்கூடப் புள்ளைங்க போவுதுங்க, சட்டையில பொத்தான் தொளையப் பாத்தே இது சந்திரமதி தச்சதுன்னு சொல்லிருவேன். ஆனா ஆள நேர்ல பாத்தா எனக்கு அடையாளம் தெரியாது. இது நியாயமா? கடையில உக்காந்து தைக்கிறவனுக்குக் காலையில காபி, சாயங்காலம் வடை, நல்லாத் தச்சா ‘பலே’ன்னு முதுகுல ஒரு தட்டு. பொன்னுதுரை பாதி நாள் வீட்டுல தைக்கிறான், பாதி நாள் இங்க வர்றான். வர்ற நாள்ல அவனுக்கும் வடை கெடைக்குது, பலேவும் கெடைக்குது. அந்தப் பொண்ணுக்கு என்ன கெடைக்குது? ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை ஒரு தாம்பாளம். இங்க இருக்கிற மெஷினுக்கெல்லாம் நான் என் கையால பொட்டு வைக்கிறேன். அதோட மெஷினுக்கு யாரு வைக்கிறா?

— அந்தத் தாம்பாளத்துல நான் என்ன குறை வச்சேன்?

— ஒன்னச் சொல்லல தாயே! புடவை, மஞ்சள், குங்குமம், வளையல், பூ, பொரி… ஒண்ணு விடாமத்தான் அடுக்குற. ஆனா தாம்பாளம் பேசுமா? அதான் இந்த வருஷம் தாம்பாளம் போகக் கூடாது, ஆளே இங்க வரணும்னு சொல்லி அனுப்பிட்டேன். நடு மெஷினுக்கு மாலை வாங்கத்தான் அப்பாசாமியப் பிள்ளையார் கோயிலுக்கு அனுப்பியிருக்கேன். ஆளுங்க எல்லாரும் பாக்க, சந்திரமதி கையால குத்துவெளக்கு ஏத்தணும்.

— எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா?

— ஏன், வருஷா வருஷம் நீ ஏத்துற வெளக்கு கை மாறுதேன்னு பொறாமையா?

— ஆமா ஆமா, பொறாமையில எனக்குச் சோறு எறங்கல. யாரு வேணா ஏத்தட்டுங்க. அந்தப் பொண்ணக் கேட்டீங்களான்னுதான் கேக்குறேன். ஊரக் கூட்டி வச்சு நடுவுல நிறுத்துனா அவளுக்கு எப்படி இருக்குமோ. பேசாம பூஜை முடிஞ்சதும் நாம ரெண்டு பேரும் பஸ் ஏறிப் போய்ப் பாத்துட்டு வருவோமே. அவ வீட்டுலயே வச்சு நாலு நல்ல வார்த்த சொல்லுங்க.

— நாலு செவத்துக்குள்ள சொன்னா அதுக்குப் பேரு பாராட்டா? போ நாகம்மை. பாராட்டுனா யாருக்குக் கசக்கும்? …அது யாரு, கடை வாசல் அஞ்சடி நடையில ஒரு அம்மா நிக்கிறது? ஏம்மா, கடை இன்னிக்கு லீவு. ஆயுத பூஜை.

— தெரியுங்க. நான் துணி வாங்க வரல.

— அப்ப தைக்கக் குடுக்கவா? கையில மூட்டை இருக்கே. கல்யாண ரவிக்கைன்னா தாராளமாக் குடுத்துட்டுப் போங்க. எங்க கிட்ட ஒரு ஆளு இருக்கு, மலாக்காவுல அது மாதிரி கை கெடையாது. ஏவாரத்துக்காகச் சொல்லல.

— அவ்வளவு நல்லாத் தைப்பாங்களாங்க?

— நல்லாவா! புக்கிட் பாருவுல ஒரு கல்யாண வீட்டுல ரவிக்கைய உள்பக்கம் திருப்பிப் பாத்துட்டு, எது உள்ள எது வெளியன்னு தெரியலயேன்னு கேட்டாங்க. உள்பக்கத்த யாரு பாக்கப் போறா? ஆனா இந்தப் பொண்ணு அதையும் அப்படித் தைக்கும். பேரு சந்திரமதி. எங்கியோ ஒரு மூலையில உக்காந்து, யாரு கண்ணுலயும் படாம, இந்தக் கடைக்கே பேர் வாங்கிக் குடுக்குது. என் மக அன்னபூரணிக்குக் காரைக்குடியில கல்யாணம். அங்க இல்லாத தையக்காரனா? ஆனா ரவிக்கை இங்கேருந்து கப்பல்ல போச்சு! தாலி ஏறும்போது அதத்தான் போட்டிருந்தா. இப்பக் கைக்கொழந்தையோட மகராசியா இருக்கா.

— ஏங்க, போதும். அவங்களக் கொஞ்சம் பேச விடுங்க.

— இரு நாகம்மை, நல்லதச் சொல்லும்போது குறுக்க வராத. …அட, ஏம்மா அழுவுறீங்க? நான் என்ன சொல்லிட்டேன்?

— ஒண்ணுமில்லீங்க. இப்படி ஒருத்தரு சொல்லி நான் கேட்டதே இல்ல. தடுக்கணும்னுதான் நெனச்சேன். இன்னும் கொஞ்ச நேரம் கேட்டுட்டு நிக்கலாம்னு மனசு பேராசப் பட்டுருச்சு. நான்தாங்க சந்திரமதி.

— நீயாம்மா! அட பாவி மனுசா, நடுத்தெருவுல நிக்க வச்சே பேசிட்டேனே! வா, வா, உள்ள வா. நாகம்மை, அந்த மல்லிப்பூவ எடு! வெயிலுக்கு முக்காடு போட்டியாக்கும்? எடுத்துரும்மா, இது ஒன் கடை.

— எடுக்கறேங்க. எடுக்கத்தான் வந்தேன். நல்லாப் பாத்துக்குங்க… பாத்தீங்களா, ஒங்களுக்கும் பேச்சு நின்னு போச்சு. இந்த வெறும் நெத்தியப் பாத்தா எல்லாருக்கும் இப்படித்தான் நின்னு போவும். எம் புருஷன ஜப்பான்காரன் காலத்துல சயாமுக்கு ரயில் பாதை போடப் புடிச்சுட்டுப் போனாங்க. திரும்பி வந்தவங்க சேதிதான் கொண்டாந்தாங்க. லயத்துப் பொம்பளைங்க அன்னிக்கே பூவையும் பொட்டையும் எடுத்துட்டாங்க.

— அப்ப… நாங்க அனுப்புன குங்குமம், வளையலு…?

— இந்த மூட்டையில இருக்குங்க. வளையல் ஒண்ணு ஒடையல. புடவைங்களும் மடிப்புக் கலையாம இருக்கு. குங்குமத்த மட்டும் என் மெஷினுக்கு வச்சேன். பூவையும் அதுக்குத்தான் போட்டேன். அதுக்கு யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்ல? வருஷத்துல அந்த ஒரு நாளு என் வீட்டுல மல்லிப்பூ மணக்கும்.

— இந்த ஏகாம்பரத்துக்கு ஒரு வார்த்த சொல்லி அனுப்பியிருக்கலாமேம்மா.

— மொத தடவ தாம்பாளம் வந்தப்ப வீடு மாறி வந்துருச்சுன்னு நெனச்சேங்க. இல்ல, ஒனக்குத்தான், மொதலாளி குடுத்தனுப்பிச்சாருன்னு அப்பாசாமி அண்ணன் எறக்கி வச்சாரு. அவருக்கு என் நெலம தெரியும். வெளிய சொல்லிராதீங்கண்ணேன்னு கையெடுத்துக் கும்புட்டேன். பாருங்க, நல்ல காரியத்துக்குக் கெளம்புறவங்க என் வாசலச் சுத்திக்கிட்டுப் போவாங்க. என்னத் தெரிஞ்சவங்க யாரும் எனக்குப் பூ குடுத்ததில்ல. தெரியாத நீங்க குடுத்தீங்க. வேணாம்னு திருப்பி அனுப்ப எனக்கு மனசு வரல அய்யா. அம்புட்டுத்தான் என் குத்தம்.

— குத்தம்னு நான் சொல்லலயே…

— பயமும் இருந்துச்சுங்க. தாலியறுத்தவ கையால கல்யாண ரவிக்கையான்னு ஒருத்தர் கேட்டாப் போதும், என் அடுப்பு அணைஞ்சிரும். அதான் வாயத் தொறக்கல. இப்ப நீங்க வெளக்கு ஏத்தக் கூப்புட்டுட்டீங்க. வராம இருந்தா ஒங்கள அவமதிச்ச மாதிரி. வந்து ஏத்திட்டா ஏமாத்துன மாதிரி. அதான் ஆளுங்க வர்றதுக்குள்ள மொத பஸ்ஸுல வந்துட்டேன். இத வாங்கிக்குங்க. கல்யாணத் துணி வேணாம்னா வேணாம். பள்ளிக்கூட உடுப்பு, தலகாணி உறை, கொடி, எதக் குடுத்தாலும் தைக்கிறேன். வேலைய மட்டும் நிறுத்திறாதீங்க.

— இரும்மா. எனக்கு வேற ஒண்ணு உள்ள ஓடுது. அப்ப அன்னபூரணி ரவிக்கை?

— அதுவும் நான் தச்சதுதாங்க. மொதல்ல கை வலின்னு பொய் சொல்லித் திருப்பி அனுப்புனேன். மறுபடி வந்துச்சு. யாரும் தொடக் கூடாது, சந்திரமதிதான் தைக்கணும்னு இந்த ஆச்சிதான் சொல்லி அனுப்பியிருந்தாங்க. ஆச்சிக்கு எப்படி எடுத்துச் சொல்றது? எனக்குக் கெடைக்காததெல்லாம் அந்தப் பொண்ணுக்குக் கெடைக்கணும்னு மாரியாத்தாளக் கும்புட்டுக் கும்புட்டுத்தான் ஊசி ஏத்துனேன்.

— முருகா! என் மக கழுத்துல தாலி ஏறுன அன்னிக்கு… நாகம்மை, வாயில என்ன கொழுக்கட்டையா? கேட்டுக்கிட்டு மரம் மாதிரி நிக்கிறியே!

— நீங்க பேசி முடிங்க.

— நான் என்னத்தப் பேச? மகராசியா இருக்கான்னு இப்பத்தானே மாரத் தட்டுனியேன்னு பாதி மனசு கேக்குது. சம்பந்தி வீட்டுக்குத் தெரிஞ்சா என்னாகும்னு பாதி மனசு அடிச்சுக்குது. ஆளுங்க வேற வர்ற நேரம்.

— நான் போயிர்றேங்க. என்னால ஒங்களுக்குச் சங்கடம் வேணாம். மூட்டைய இப்படி வச்சிர்றேன்.

— நில்லும்மா! யாரு ஒன்னப் போகச் சொன்னா? கூப்புட்டது நான். கூப்புட்டவளப் படி ஏத்தாம அனுப்பிட்டு, இத்தன நேரம் நான் பேசுன பேச்சுக்கு என்ன அர்த்தம்? இந்தக் கடை என்னுது, வெளக்கு என்னுது, அதுல நான் முடிவு பண்ணலாம். ஆனா அந்த ரவிக்கை விஷயத்துல நான் வாயத் தொறக்க முடியாது. மகளப் பெத்தவ நீ. நாகம்மை, நெஞ்சுல கை வச்சுச் சொல்லு. நீ சொல்றதுதான் வெளக்குக்கும் முடிவு. இந்தப் பொண்ணு இப்படின்னு தெரிஞ்சிருந்தா, நம்ம அன்னபூரணி கல்யாண ரவிக்கைய இவ கையில குடுத்திருப்பியா?

— அப்பாசாமி மொத வருஷமே எங்கிட்டச் சொல்லிட்டாருங்க. பூவையும் தெரிஞ்சுதான் வச்சேன். ரவிக்கையையும் தெரிஞ்சுதான் குடுத்தேன்.