இருபத்து மூன்று வீட்டுக்கு ஒரே லைன்

எங்கள் ஊரில் பூண்டு நன்றாக வரும். நெட்தான் வராது. போன் சிக்னலும் கிடையாது. எதிர்மலையிலிருந்து உங்கள் கம்பெனி இழுத்துக் கொடுத்த ஒரே லைனை இருபத்து மூன்று வீடுகள் பங்குபோட வேண்டும். ஊரில் டிகிரி முடித்தவள் நான் ஒருத்தி என்பதால் பாஸ்வேர்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனீர்கள்.

பங்குபோடுவது பெரிய வித்தையில்லை. வீட்டுக்கு ஒரே அளவு. அதிகம் இழுப்பவரைக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ள வேண்டும், அவ்வளவுதான். இதுகூடப் புரியாமல் சின்னச்சாமி தினமும் வந்து நிற்பார்.

"ஏத்தா, எங்க வீட்டுக்கு மட்டும் சொட்டுச் சொட்டா வருதே?"

"விடிஞ்சதுலேருந்து சேவச்சண்டை பார்த்தா சொட்டத்தான் செய்யும்."

"படிச்ச திமிரு," என்று முனகிக்கொண்டு போவார். திமிர்தான். கல்லூரி விடுதியில் பூண்டு வாடை என்று மூக்கைப் பொத்தினார்களே, அவர்கள் நடுவில் நான்கு வருடம் உட்கார்ந்து சம்பாதித்த திமிர். எனக்கு யாரும் வரிசையில் முன்னால் இடம் விடவில்லை.

சுபஸ்ரீ பக்கத்து வீட்டு வீரம்மாளின் மகள். பொறியியல் கலந்தாய்வில் அவளுக்கு இடம் வந்திருந்தது. புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நெட்டில் அதை உறுதி செய்ய வேண்டும். தவறினால் ஆவணியில் தாய்மாமன் மலைச்சாமிக்குக் கட்டிவைப்பதாகப் பேச்சு. எனக்குத் தெரியும். அவளே சொன்னாள்.

அன்று நாலரைக்கு ஓடிவந்தாள். கொடைக்கானல் பஸ் மூன்று மணிக்கே போயிருந்தது.

"அக்கா, சுத்திக்கிட்டே கெடக்குக்கா. பத்து நிமிசம் எனக்கு மட்டும் வெரசா விடேன்."

"ஒருத்திக்கு விட்டா மத்தவங்க கேக்க மாட்டாங்களா? எல்லாருக்கும் ஒரே பங்குதான்."

என் போனைக் கேட்டாள். சார்ஜ் இல்லை என்றேன். தொண்ணூறு சதவீதம் இருந்தது. அழுதாள். உட்கார வைத்து டீ போட்டுக் கொடுத்தேன். ஐந்தே காலுக்கு டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுப் போனாள்.

லைன் பதிவில் நீங்கள் கண்டுபிடித்தது சரிதான். அவள் போனுக்கு மட்டும் திங்கட்கிழமை வெள்ளனே அளவைப் பூஜ்யமாக்கியது நான்தான். மற்ற இருபத்திரண்டு வீட்டுக்கும் ஒரு குறையும் வைக்கவில்லை. அதையும் பாருங்கள்.

முகூர்த்தத்தன்று மொத்த லைனையும் வீரம்மாள் வீட்டுக்கே திருப்பிவிட்டேன். ஆயக்குடிச் சொந்தக்காரர்கள் தாலி கட்டுவதைப் போனிலேயே, படம் ஓரிடத்தில்கூட நிற்காமல் பார்த்தார்களாம். "நல்லாருப்ப தாயி," என்று வீரம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பாஸ்வேர்டைத் திருப்பிக் கேட்கிறீர்கள். தருகிறேன். ஆனால் இந்த ஊரில் படித்தவள் இன்னமும் நான் ஒருத்திதான். யாரிடம் கொடுப்பீர்கள்?