கழுதையைத் தானாகச் சிரிக்க வைத்த பூமணி அம்மையாருக்கு

வாயற்ற சீவன்களின் வாக்காய் வாழ்ந்த வள்ளலே! தளர்ந்த தொழுவங்களைத் தாங்கிய தாயே! கந்தோரில் குந்தியிருந்து கதிரையைத் தேய்க்காமல், ஊரூராய் நடந்து காலணியைத் தேய்த்த கால்நடை வைத்திய அதிகாரி பூமணி நவரத்தினம் அம்மையீர்! முகத்துக்கு நேரே புகழ்ந்தால் நீங்கள் எழுந்து போய்விடுவீர்கள் என்பது எங்களுக்குத் தெரியும். ஆகவே இந்தப் பிரியாவிடை அவையோரிடமே ஒரு நாளின் கதையைச் சொல்கிறோம். நீங்கள் சும்மா கேட்டுக்கொண்டிருங்கள்.

போர் ஓய்ந்து, வங்காலைக்கு அப்பால் மக்கள் தறப்பாள் சீலை வேய்ந்த கொட்டில்களில் மீளக் குடியேறிய காலம். குடிதண்ணீர் ஊரவரான சிங்கராசாவின் கழுதை வண்டியில்தான் வந்தது. அந்தக் கழுதையைப் பற்பசை விளம்பரத்தில் சிரிக்க வைக்கக் கொழும்பிலிருந்து ஒரு படக்குழு வந்திறங்கியது. படம் சரிவந்தால் அந்த ஊருக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டித் தருவதாகச் சொன்னார்கள். ஊருக்குத் தலைகால் புரியவில்லை.

செய்தி கேட்டு அம்மையார் போய்ச் சேர்ந்தபோது, கழுதை பல்லிளிக்க வேண்டுமென்று அதன் ஈறில் அரைத்த செத்தல் மிளகாயைப் பூசிக்கொண்டிருந்தான் ஒருவன். கழுதையின் கண்கள் வழிந்தன. தடுத்தால் தொட்டி போய்விடும் என்பது அம்மையாருக்குத் தெரியும்; இருந்தும் கிண்ணத்தைப் பறித்தார், விரலால் வழித்துத் தம் ஈறிலேயே தேய்த்துக்கொண்டார். மூக்கும் கண்ணும் ஒழுக, இயக்குநரிடம் கிண்ணத்தை நீட்டினார்.

"தம்பி, நீங்களும் பூசிப்போட்டு ஒருக்காச் சிரியுங்கோ. பிறகு கழுதையிட்டக் கேப்பம்."

இயக்குநர் கோபத்தில் மூட்டை கட்டச் சொன்னார். சிங்கராசாவின் மனைவி பிரான்சிஸ்கா ஓடி வந்தார்.

"டொக்டரம்மா, உங்களுக்குக் கழுதை பெரிசோ, எங்கட பிள்ளையளின்ர தண்ணி பெரிசோ?"

"ரெண்டும்தான் பிள்ளை. பொழுதுபடும் மட்டும் பொறுங்கோ. அது தானாச் சிரிக்கும்."

பெட்டைக் கழுதையின் மூத்திரத்தை முகர்ந்தால் ஆண் கழுதை மேலுதட்டைச் சுருட்டிப் பல்லெல்லாம் காட்டும் என்பது அம்மையார் படித்த படிப்பு. ஒரு பெட்டைக் கழுதையைத் தேடிப் பிடித்து, கொளுத்தும் வெயிலில், கையில் வாளியோடு, பட்டம் பெற்ற ஓர் அரச அதிகாரி அதன் வாலுக்குப் பின்னால் குந்தியிருந்த அருந்தவத்தை என்னவென்று சொல்வோம்! கட்டிய மூட்டைகளில் குந்தியிருந்து படக்குழு சிரித்தது; ஊர் முறைத்தது; பெட்டையோ தன்பாட்டில் புல்லைத் தின்றது. பொழுது சாயும் நேரத்தில்தான் அதற்கு மனம் இரங்கியது; வாளியும் நனைந்தது.

சிங்கராசாவின் ஆண் கழுதை வாளியை முகர்ந்தது. கழுத்தை வானுக்கு நீட்டியது. அப்பப்பா, எத்தனை பெரிய சிரிப்பு! முறைத்து நின்ற சனமெல்லாம் கைதட்ட, படக்குழு ஓடிவந்து படமெடுத்தது. விளம்பரத்தைப் பார்த்து, பற்பசை மணத்தில் மயங்கித்தான் அது சிரிக்கிறது என்று நாடே நம்பியது.

தொட்டி எழும்பியது. முதல் தண்ணீரைப் பிரான்சிஸ்கா செம்பில் ஏந்திவந்து அம்மையாரிடம் நீட்டினார். அம்மையார் வாங்கவில்லை.

"முதல் அதுக்கு வையுங்கோ பிள்ளை. தொட்டி அதின்ர உழைப்பு."

அன்று ஏசிய பிரான்சிஸ்காவே சட்டியில் ஊற்றி, கழுதையின் வாயருகே பிடித்தார். அது குடித்து முடிக்கும்வரை ஊரில் ஒருவரும் தண்ணீரில் கைவைக்கவில்லை.

அம்மையீர்! அதைக் கண்ட எங்களுக்கு இன்றும் மெய் சிலிர்க்கிறது. நோயின்றி, நோவின்றி, நூறாண்டு தாண்டி வாழ்வீர்களாக!

வணங்கி நிற்கும்
கால்நடை வைத்தியப் பணிமனை ஊழியர்கள்,
மன்னார்.