ஆமணக்கா, சுரையா

செம்மேடு பஸ்ஸில் என் முன் இருக்கையில் இருந்த அம்மா, பக்கத்தில் இருந்த இறையியல் மாணவரிடம் என்ன ஆராய்ச்சி என்று கேட்டார்.

"அது ஆமணக்கா, சுரையான்னு அறிஞருங்களுக்குள்ள இன்னும் சண்டைங்கம்மா."

"எது கண்ணு?"

"பைபிள்ல வர்ற எபிரேயத் தீர்க்கதரிசி ஒருத்தருக்கு நிழலுக்காகக் கடவுள் முளைக்க வெச்ச செடி. மறுநாளே புழு அரிச்சுக் காஞ்சிருச்சு. செத்தாத் தேவலைன்னு உக்காந்துட்டாரு."

"நட்டது அவரா?"

"இல்லீங்க. தண்ணிகூட ஊத்தல."

அந்த அம்மா மடியிலிருந்த பையைத் திறந்து, வேரோடு வாடிய மிளகுக்கொடியைக் காட்டினார்.

"இது நான் நட்டது கண்ணு. பன்னெண்டு வருசம் பாத்துக்கிட்டது. காட்டுல பாதிக்கொடி இப்படித்தான் போச்சு. நான் சாகவா போறேன்? தோட்டக்கலை ஆபீசுல காட்டி மருந்து கேக்கப் போறேன்."