தகரச் செட்டு வாசல் மண்

– கம்ப்யூட்டர அப்புறம் தட்டலாம், மொதல்ல என்னயப் பாத்துப் பதில் சொல்லும்மா. எம் மொளகாயக் கெடுத்தது நீ குடுத்த ரிப்போர்ட்டுதேன்!

– ஜெயபாண்டி அண்ணாச்சி, சத்தம் போடாதீக. நான் இந்த மண் பரிசோதனை ஆபீசுல கம்ப்யூட்டர்ல விவரத்த ஏத்துறவ. உங்க மண்ணுல உப்பும் சாம்பல் சத்தும் எக்கச்சக்கமா இருக்குன்னு சோதனையில வந்துச்சு. அதத்தான் அடிச்சேன்.

– வந்துச்சாம்ல! சாம்பல் சத்து உரம், அந்தப் பொட்டாசே போட வேண்டாம்னு எழுதிக் குடுத்தீக. நம்பிப் போடாம விட்டேன், செடி அம்புட்டும் சுணங்கிப் போச்சு. தாயில்பட்டி ஊரே சிரிக்கு. எவன் மண்ணையோ எம் பேருல ஏத்திப்புட்ட பியூலா. தப்புத்தேன்னு எழுதிக் குடு. இல்ல, கலெக்டர்ட்ட மனுக் குடுத்து உன் வேலைக்கு உலை வச்சுருவேன், சொல்லிப்புட்டேன்.

– செய்யாத தப்ப எதுக்கு எழுதணும்? இந்த கான்ட்ராக்ட் வேலையும் போச்சுன்னா எனக்கு வேற நாதியில்ல. புது மண்ணு கொண்டாந்திருக்கீகல்ல? உங்க கண்ணு முன்னாடியே ஏத்துறேன், கேக்கக் கேக்கச் சொல்லுங்க. பாசனம் என்ன?

– மானாவாரி. வானத்தப் பாத்து வாயப் பொளக்குற பூமி. கெணறும் இல்ல, போரும் இல்ல. போதுமா?

– மண்ணு எடுத்தது யாரு?

– நாந்தேன் தாயி. போன தடவையும் நாந்தேன் எடுத்தேன்.

– ஏ ராமுத்தாயி, புருசன் பேசும்போது பொண்டாட்டிக்கு என்ன பேச்சு? வாய மூடு.

– கேட்டதுக்குத்தான் சொன்னாக, விடுங்க. அக்கா, காட்டுல நாலஞ்சு எடத்துல தோண்டிக் கலந்தீகளா?

– இல்ல தாயி. ஒரே எடந்தேன். தகரச் செட்டு வாசல்ல.

– என்ன செட்டு?

– மோட்டார் செட்டும்மா! எல்லாக் காட்டுலயும் கெடக்கதுதேன். அடுத்தத அடி.

– இப்பத்தான கெணறும் இல்ல, போரும் இல்லன்னீக? தண்ணியில்லாத காட்டுல மோட்டாரு என்னத்த எறைக்கும்?

– நீ என்ன போலீசா? மண்ணும் வேண்டாம், மனுவும் வேண்டாம். ஏ புள்ள, பையத் தூக்கு, போவோம்!

– பைய வைங்க அண்ணாச்சி. மண்ணுக்குள்ள வெள்ளிப் பொடி மினுங்குது. எங்க சித்தப்பா பட்டாசு ஆலை வெடிச்சுத்தான் கருகிச் செத்தாரு, இந்த மருந்து வாடை எனக்குத் தெரியாதாக்கும்? வெடியுப்பு கலந்ததாலதான் மண்ணுல உப்பும் சாம்பல் சத்தும் ஏறிக் கெடந்திருக்கு. செட்டுல பட்டாசு செய்ய லைசென்ஸ் இருக்கா?

– அந்தச் செட்ட ஒருத்தனுக்கு வாடகைக்கு விட்டிருக்கேன். உள்ள அவன் என்னத்த உருட்டுறான்னு நான் கண்டேனா?

– அக்கா, நீங்க சொல்லுங்க. அம்புட்டுப் பெரிய காட்ட விட்டுட்டு, ரெண்டு தடவையும் எதுக்கு அங்கனயே போயி அள்ளுனீக? எப்படி எடுக்கணும்னு யாரும் சொல்லலையா?

– ராமுத்தாயி! வாயத் தொறந்த, கொன்னுபுடுவேன்!

– இதேன் தாயி, வீட்டுலயும் இதே பேச்சுத்தேன். எப்படி எடுக்கணும்னு எனக்கு நல்லாத் தெரியும். நான் வாயால சொல்ல முடியாதத அந்த மண்ணாவது சொல்லட்டும்னு அள்ளியாந்தேன். மொதத் தடவ உங்க யாருக்கும் வெளங்கல. வாடகையுமில்ல, ஒண்ணுமில்ல. எம்மக பிரீத்தி இந்நேரமும் செட்டுக்குள்ள உக்காந்து வெடிக்கு மருந்து அடைக்கா. வெளியில போட்ட பூட்டுக்குச் சாவி, இந்தா நிக்காரே, இவரு சட்டைப் பையிலதேன் இருக்கு.