எண் மறைத்த இரண்டு திரைகள்

பத்து நிமிடத்துக்கு மேல் யாரையும் பேசவிட மாட்டேன் என்று கையில் மணியோடு அமர்ந்திருக்கும் தலைவர் நம்குங் சாங்-உ அவர்களே! விசைப்பலகை ஓசையில் காதைத் தொலைத்தாலும் தொழிலைத் தொலைக்காத மூத்தவர்களே! பிள்ளையைத் தேடி எங்கள் பிசி பாங் எனும் கணினி விளையாட்டுக் கடைக்குள் புகுந்து, பிள்ளையோடு சேர்த்து எங்களையும் திட்டித் தீர்த்த தாய்மார்களே! ஒரு கையில் ராம்யன் நூடுல்ஸ் சட்டியும் மறு கையில் கணினியுமாகக் காலம் தள்ளும் சொங்ஜு நகரத்துக் கடைக்காரச் சொந்தங்களே! பியோ மியொங்-ஓக்கின் பணிவான வணக்கம்.

இன்னும் சற்று நேரத்தில் கை தூக்கப் போகிறோம். நம் கடைகள் அத்தனைக்கும் இருநூற்று எண்பது ஹெர்ட்ஸ் திரையை மொத்தமாக வாங்குவதா என்று முடிவெடுக்கப் போகிறோம். நொடிக்கு இருநூற்று எண்பது முறை படம் புதுப்பிக்குமாம்! கேட்கக் கேட்க இனிக்கிறது. ஆனால் நான் கேட்கிறேன்: விளையாடுவது எண்ணா? எதிரே அமர்ந்திருக்கும் ஆளா?

யாரது மூன்றாவது வரிசையில், "புதுசுன்னாலே அக்காவுக்கு ஆகாது"ன்னு முணுமுணுக்கிறது? நல்லா ஆகும் தம்பி! பழைய அறுபது ஹெர்ட்ஸ் திரையைக் கட்டிக்கொண்டு ஈ ஓட்டியவள் நான்.

என் கடைக்கு எதிரே ஒரு புதுக்கடை வந்தது. வாசலில் 'இருநூற்று எண்பது' என்று விளக்கெழுத்து. யார் கடை என்று சொல்ல மாட்டேன். ஏன் எல்லாரும் தலைவரைப் பார்த்துச் சிரிக்கிறீர்கள்?

என் ஆட்கள் ஒவ்வொருவராக ரோட்டைத் தாண்டினார்கள். மெங் ஹேரினும் தாண்டினாள். வங்கியில் வேலை, சுடும் ஆட்டத்தில் எங்கள் பேட்டையில் அவளை அடிக்க ஆளில்லை. ஒருநாள் வழியில் மடக்கிக் கேட்டேன். "கோச்சுக்காதீங்க அக்கா. உங்க கடையில ஒருத்தனைச் சுட்டா, குண்டு போறதுக்குள்ள அவன் வீட்டுக்கே போயிடுறான்" என்றாள்.

எனக்கு வலித்தது. கையிருப்பைக் கொட்டிப் புதுத் திரை வாங்குவது, அதுவும் சரிவராவிட்டால் கடையைப் பூட்டுவது என்று முடிவு செய்தேன்.

விற்பனையாளர் தக் இரண்டு திரை கொண்டுவந்தார். ஒன்று இருநூற்று எண்பது, மற்றது நூற்று அறுபத்தைந்து. விலை கிட்டத்தட்ட ஒன்றுதான். "யோசிக்கவே வேணாம் அக்கா, பெருசு பெருசுதான்!" என்றார். நான் எண்களின் மேல் டேப்பை ஒட்டினேன். என் கடைக் கணினிகளிலேயே இணைத்தேன். ஹேரினைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன்.

முதல் திரையில், ஆட்டத்தின் ஓர் இருட்டு நடைபாதைக்குள் ஓடினாள். "ஐயோ, என்னக்கா இது! ஆளு திரும்பினா பின்னாடியே வால் வருது. எது ஆளு, எது நிழலுன்னே தெரியல."

இரண்டாவது திரைக்கு மாறினாள். தூக்கியிருந்த தோள் இறங்கியது. பக்கத்தில் வைத்த ராம்யன் ஊறிப் பெருத்தது.

"இதுதான் இருநூத்தி எண்பது. என் சம்பளத்தையே பந்தயம் வைக்கிறேன்!"

டேப்பை உரித்தேன். நூற்று அறுபத்தைந்து!

தக் தொண்டையைக் கனைத்தார். ஹேரினோ, "அப்போ நான் எதுக்கு இத்தனை மாசமா ரோட்டைத் தாண்டி ஓடினேன்?" என்று தலையில் கைவைத்தாள்.

படம் விரைந்து மாறினால் போதுமா? அந்த இருநூற்று எண்பது திரையின் புள்ளிகள் நிறம் மாறச் சோம்பல்பட்டன; அதுதான் வால். கணினியாவது அத்தனை படம் அனுப்பியதா? என் கணினி அதில் பாதி அனுப்பவே மூச்சு வாங்கியது! வாங்கினேன் நூற்று அறுபத்தைந்தை, வாசலில் எண் எழுதாமல். வங்கிக் கூட்டத்தோடு வந்தாள் ஹேரின். அன்று மாலை ஒரு நாற்காலிகூடக் காலியில்லை. அடுப்படியில் நின்று அழுதேன். மகிழ்ச்சியில்தான் அழுதேன்.

தலைவர் அவர்களே, மணியை அடியுங்கள், தவறில்லை. இருநூற்று எண்பதில் நல்லதும் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் நாம் வாங்கப் போவது அந்த நல்லதில் ஒன்றா, வெறும் எண்ணா? இதோ மேடையோரம் உங்கள் கடைத் திரை ஒன்று, என் கடைத் திரை ஒன்று. இரண்டிலும் எண் தெரியாது. சபை கை தூக்கும் முன், முதல் ஆளாக நீங்களே வந்து உட்காருங்கள்!

பொறுமையாகக் கேட்ட உங்கள் காதுகளுக்கு என் நன்றி. இனிப் பேச வேண்டியவை உங்கள் கண்கள். வணக்கம்!