ஒன்பதாவது படி

நான் சொல்லப்போவதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை, இன்ஸ்பெக்டர் மேடம். என் பல்செட்டின் மேல் ஆணை. இருப்பது ஒரே செட்.

முப்பத்தொரு வருடம் அந்தக் கிடங்கின் ஏணிகள் என் பொறுப்பு. படி ஆடுகிறதா, அடி ரப்பர் தேய்ந்திருக்கிறதா, எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியிருக்கிறதா என்று தினமும் பார்த்துத்தான் அட்டையில் கையெழுத்துப் போடுவேன். தன்னைக்கூட நான் அவ்வளவு கவனித்ததில்லை என்பாள் மனைவி. அவள் ஒருநாளும் ஆடியதில்லையே.

மேலாளருக்கு ஏணி என்றால் இளக்காரம். சுவரோடு ஒட்டிச் செங்குத்தாக நிறுத்துவார். உச்சிப் படியில், அதாவது ஒன்பதாவதில், நிற்பார். ஒரு கையில் பல்பு, மறு கையில் டீ.

"மேல் ரெண்டு படியில நிக்கக் கூடாதுங்க சார்" என்றேன்.

"என்ன பெருசு, ஏணி ஏற எனக்கே டியூஷனா?"

எல்லோரும் சிரித்தார்கள். அங்கேயே வேலை பார்க்கும் என் மருமகன் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தான்.

எனக்குக் கோபமெல்லாம் இல்லை. ஒன்பதாவது படியின் அடிப்பக்கத்தை உப்புத்தாளால் தேய்க்கத் தொடங்கினேன், அவ்வளவுதான். சாப்பாட்டு இடைவேளையில் நாற்பது தேய்ப்பு. அவசரப்பட்டால் வேலை சுத்தமாக வராது. மரத்தூளை டிபன் பாக்ஸில் கொண்டுபோய் ரோஜாச் செடிக்குப் போட்டேன். செடி சுவரைத் தாண்டிவிட்டது. "இளைச்சிட்டீங்களே சார்" என்று அவரைக் கிடங்குத் தராசில் ஏற்றியும் பார்த்தேன். எழுபத்தெட்டு கிலோ. இருபத்திரண்டாம் நாள் அந்தப் படி வெளியே மரம், உள்ளே பிஸ்கட்.

செவ்வாய்க்கிழமை மேலாளர் ஏறினார். இறங்கவில்லை, வந்து சேர்ந்தார். இடது கால் இரண்டு இடத்தில் முறிவு.

அடியில் ஏணியைப் பிடித்திருந்த என் மருமகன், போன் அடித்ததும் கையை விட்டதாகக் கேமராவில் தெரிகிறதாம். கேமராவுக்கு ஏணியைப் பற்றி என்ன தெரியும், மேடம்? அவன் வேலை போகப்போகிறது என்பதும், நிறைமாதமாக இருக்கும் என் மகள் நேற்றெல்லாம் "ஏதாவது பண்ணுங்கப்பா" என்று அழுததும் வேறு விஷயம். அவனுக்காக நான் ஏன் பொய் சொல்லவேண்டும்? என் நம்பரைப் போனில் 'தொல்லை' என்று பதிந்து வைத்திருப்பவன் அவன்.

வாக்குமூலத்தில் ஒரு விவரம் விட்டுப்போயிருக்கிறது என்கிறீர்கள். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் ஓய்வு பெற்று நாலு வருடமாகிறது. செவ்வாய்க்கிழமை மேலாளர் ஏணியில் நின்ற சமயத்தில் வீட்டிலிருந்து அவனுக்குப் போன் செய்தவன் நான், ஏணியைக் கெட்டியாகப் பிடித்திருக்கிறானா என்று கேட்க.